பந்து கை மாறினால் நாலு புள்ளி

2012-இல் பிட்ஸ்பர்க்கில் வீடு வாங்கிக் குடிவந்த வாரம், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு மஞ்சள் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல பருத்தித் துணி. நான் அதை வைத்து அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். அது இந்த ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸின் ரசிகர்கள் 1975-இலிருந்து ஆட்டத்தில் சுழற்றும் ‘டெரிபிள் டவல்’ என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு வீட்டுக்கு வா, சொல்லித் தருகிறேன்” என்றார். எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் போடுகிறவள். அவருக்கு ஆட்டம் தெரியும், எனக்குக் கணக்கு தெரியும். இரண்டும் சேர்ந்து உருவானதுதான் கீழே சொல்லப்போகும் நோட்டுப் புத்தக முறை.

ஆரம்பித்தது ஒரு சந்தேகத்தில். ஒரு ஞாயிறு, இரண்டு அணிகளும் ஆளுக்கு இரண்டு டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது) கொடுத்திருப்பதாக டிவி காட்டியது. ஸ்கோர் என்னவோ 31-10. “சமமாகத்தானே தொலைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டேன். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “எத்தனை தடவை என்று எண்ணாதே, எங்கே தொலைத்தார்கள் என்று பார்” என்றார்.

சரி, எங்கே என்பதை எப்படிப் பார்ப்பது?

முதலில் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் வீசிய பந்தை எதிரணி ஆள் பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன். பந்தோடு இருப்பவன் கையிலிருந்து நழுவவிட்டால் ஃபம்பிள். ஆனால் ஃபம்பிள் எல்லாம் டர்ன்ஓவர் இல்லை. நழுவிய பந்தை அவன் அணியே அமுக்கிக்கொண்டால் கணக்கில் வராது, எதிரணி எடுத்தால்தான் வரும். அந்தப் பந்து உருண்டை இல்லை, இரண்டு பக்கமும் கூர். எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஃபம்பிளை எடுப்பதில் பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம்தான் என்று நான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நான்காவது டவுனில் (பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நாலு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன்) துணிந்து ஆடி, வேண்டிய தூரம் கிடைக்காமல் பந்தை ஒப்படைப்பது. அதிகாரபூர்வக் கணக்கில் இது டர்ன்ஓவர் எண்ணிக்கையில் சேராது. ஆனால் எதிரணிக்கு அதே இடத்தில் பந்து கிடைக்கிறது, புள்ளியும் வருகிறது. ஆகவே என் நோட்டில் இதை ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதிவிடுவேன். கணக்கில் சேர்க்காத செலவும் செலவுதானே.

நீளவாக்கில் கோடு போட்ட நோட்டில் ஐந்து பத்தி போதும். நேரமும் ஸ்கோரும் ஒன்று. எத்தனையாவது டவுன், இன்னும் எத்தனை யார்டு வேண்டும் என்பது ஒன்று. அந்த டவுன் எந்தக் கோட்டிலிருந்து தொடங்கியது என்பது மூன்றாவது. பந்தைப் பறித்து ஓடி முடித்த பிறகு எதிரணி எங்கிருந்து ஆடத் தொடங்கியது என்பது நான்காவது. கடைசியில் என்ன விளைந்தது என்பது ஐந்தாவது. மூன்றும் நான்கும்தான் உயிர். புதிதாக எழுதுகிறவர்கள் பந்தைப் பிடித்த இடத்தை எழுதிவிடுவார்கள். பிடித்த இடம் முக்கியமில்லை, ஓடி நின்ற இடம்தான் முக்கியம்.

இப்போது மைதானத்துக்கு விலை போட வேண்டும். ஒவ்வொரு கோட்டிலும் பந்து கையில் இருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. இதை முதலில் கணக்கிட்டவர்களில் ஒருவர் பேராசிரியர் இல்லை, ஆட்டக்காரர். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் விர்ஜில் கார்ட்டர். அவரும் ராபர்ட் மாக்கோல் என்பவரும் 1969 சீசனின் ஆட்டங்களை எடுத்து, எந்த இடத்தில் முதல் டவுன் கிடைத்தால் அடுத்து யார் எத்தனை புள்ளி எடுக்கிறார்கள் என்று பார்த்து 1971-இல் வெளியிட்டார்கள். எதிரணியின் 5 யார்டு கோட்டுப் பக்கம் பந்து இருந்தால் மதிப்பு 6.04 புள்ளி. தன் சொந்த 5 யார்டு கோட்டுப் பக்கம் மாட்டிக்கொண்டால் மைனஸ் 1.25 போல. பந்து கையில் இருந்தும் மைனஸா என்று நான் முதலில் நம்பவில்லை. யோசித்தால் சரிதான்: அந்த மூலையில் இருக்கிற அணி பெரும்பாலும் மூன்று டவுன் தவித்துவிட்டுப் பந்தை உதைத்துத் தள்ளும் (இதுதான் பண்ட்). எதிரணிக்கு நல்ல இடம் கிடைக்கும். அடுத்த புள்ளி அவர்களுடையது.

நோட்டில் தசமப் புள்ளியெல்லாம் போட்டுக்கொண்டிருக்க முடியாது, ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் வந்தவர்கள் இதை ஒரு நேர்கோடாக எளிமைப்படுத்தியிருக்கிறார்கள், நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். தன் கோல் கோட்டில் மைனஸ் 2. தன் 25 யார்டு கோட்டில் சுழியம். நடு மைதானத்தில் 2. எதிரணியின் 25-இல் 4. எதிரணியின் கோல் கோட்டில் 6. அதாவது 25 யார்டுக்கு 2 புள்ளி.

இதை வைத்து ஒரு டர்ன்ஓவரைப் போட்டுப் பாருங்கள். உங்கள் அணி நடு மைதானத்தில் பந்தை விட்டது, எதிரணி அங்கேயே எடுத்தது. உங்கள் கையில் இருந்த 2 போனது, எதிரணிக்கு 2 வந்தது, மொத்தம் 4. சொந்த 25-இல் விட்டால்? உங்களிடம் இருந்தது 0, அவர்களுக்குக் கிடைத்தது 4. மறுபடி 4. எதிரணியின் 25 வரை போய்விட்டால்? இழந்தது 4, அவர்களுக்குக் கிடைத்தது 0. அதே 4.

இது தெரிந்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பந்து இடம் மாறாமல் கை மட்டும் மாறினால், மைதானத்தில் எங்கே நடந்தாலும் விலை சுமார் நாலு புள்ளி. சொந்தக் கோல் பக்கத்தில் தொலைத்தால் நாம் பதறுகிறோம், காரணம் எதிரணி உடனே டச்டவுன் (பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது, கூடுதல் உதையும் சேர்த்து 7 புள்ளி) போடுவது கண்ணில் படுகிறது. எதிரணிக் கோல் பக்கத்தில் தொலைத்தால் ‘சரி போகட்டும், தூரத்தில்தானே’ என்கிறோம். அங்கே கைக்கு வரவேண்டிய புள்ளி வராமல் போனது, அது ஸ்கோர் பலகையில் ஏறாது. வராத வருமானத்தை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

இந்த நாலு நிஜ ஆட்டத்தில் நிற்குமா என்று பார்க்க, நான் தேடிப் பிடித்தது 1993 ஜனவரியில் பசடீனாவின் ரோஸ் பவுலில் நடந்த சூப்பர் பவுல், அதாவது சீசனின் இறுதியாட்டம். பஃபலோ பில்ஸ் ஒன்பது முறை பந்தைத் தொலைத்தது. சூப்பர் பவுலில் அதுதான் இன்றுவரை மோசமான கணக்கு. டல்லாஸ் கவ்பாய்ஸ் அந்த ஒன்பதிலிருந்து எடுத்தது 35 புள்ளி. வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு நாலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆட்டம் முடிந்த ஸ்கோர் 52-17. வித்தியாசமும் அதே 35. இவ்வளவு அழகாக எல்லா ஆட்டத்திலும் ஒத்துப்போகாது, பழக்க தோஷத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

நாலில் எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது

மேலே சொன்ன விலை எல்லாம் முதல் டவுனுக்கு. மூன்றாவது டவுனில் பதினைந்து யார்டு வேண்டும் என்ற நிலையில் ஆடுகிறவனிடம் ஏற்கெனவே பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த முயற்சி தவறினால் அடுத்து எப்படியும் பண்ட் அடித்துத் தள்ளத்தான் போகிறான். நல்ல பண்ட், திருப்பி ஓடியதையும் கழித்தால், 40 யார்டு சுமாருக்குப் பந்தைத் தள்ளும். ஆக அவன் சொந்த 30-இலிருந்து ஐம்பது யார்டு தூரம் வீசி, எதிரணி அதைத் தன் 20-இல் பிடித்து அங்கேயே விழுந்தால் என்ன நஷ்டம்? பண்ட் அடித்திருந்தால் 30-இல் கிடைத்திருக்கும், இப்போது 20-இல் கிடைத்திருக்கிறது. நஷ்டமே இல்லை, சில்லறை லாபம். கையால் அடித்த பண்ட் அது. டிவி என்னவோ அதையும் ஒரு டர்ன்ஓவர் என்றுதான் காட்டும். என் நோட்டில் அதற்குச் சுழியம்.

இதையே மறுபக்கத்திலிருந்து பாருங்கள். நான்காவது டவுனில் எதிரணி நீளமாக வீசுகிறது. தடுக்கிறவன் அதைப் பிடிக்காமல் தரையில் தட்டிவிட்டால், அவன் அணிக்குப் பந்து ஸ்நாப் ஆன (அந்த டவுன் தொடங்கிய) பழைய இடத்திலேயே கிடைக்கும். பிடித்தால் முப்பது நாற்பது யார்டு பின்னால் கிடைக்கும். இருந்தும் ஆசையில் பிடித்துவிடுகிறார்கள், இன்டர்செப்ஷன் கணக்கில் ஒன்று கூடுமே! பெரியவர் அந்த நேரத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து “தட்டுடா, தட்டு!” என்று கத்துவார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து என்ன ஆச்சு என்று ஓடி வருவார்.

கூட்ட வேண்டிய இடம், பறித்தவன் ஓடும்போது. அவன் ஓடும் ஒவ்வொரு 25 யார்டுக்கும் நாலோடு 2 சேர்த்துக்கொள்ளுங்கள். நேராக ஓடிப்போய் டச்டவுன் போட்டுவிட்டால் சூத்திரத்தை விட்டுவிட்டு, உங்கள் கையில் இருந்த மதிப்போடு 7-ஐக் கூட்டுங்கள்.

இதற்கு என்னிடம் இருக்கும் சிறந்த பக்கம், நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே நடந்த ஓர் ஆட்டத்துடையது. 2009 பிப்ரவரி 1, டாம்பா, ஸ்டீலர்ஸும் அரிசோனா கார்டினல்ஸும். பெரியவரிடம் பதிவு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறையாவது போடுவார். முதல் பாதி முடியப் போகிறது, ஸ்டீலர்ஸ் 10-7 முன்னணி. ஸ்டீலர்ஸின் பென் ராத்லிஸ்பெர்கர் வீசிய பந்து ஒருவர் கையில் பட்டுத் தெறிக்க, கார்லோஸ் டான்ஸ்பி பிடித்துவிட்டார். அரிசோனாவுக்கு ஸ்டீலர்ஸின் 34-இல் பந்து. என் சூத்திரப்படி அந்த இடத்தின் மதிப்பு 3.3. சில டவுன்களில் அவர்கள் 1 யார்டு கோட்டுக்கே வந்துவிட்டார்கள். பாதி முடிய 18 நொடி. முதல் டவுன். மதிப்பு கிட்டத்தட்ட 6.

ஸ்நாப் ஆனதும் ஸ்டீலர்ஸின் ஜேம்ஸ் ஹாரிசன் குவார்ட்டர்பேக் மேல் பாய்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் ஓரடி முன்னால் வைப்பது போல் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். அரிசோனாவின் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் அவரைக் கவனிக்கவில்லை. பந்து ஹாரிசன் கையில், கோல் கோட்டில். அங்கிருந்து அந்தக் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓரக்கோட்டை ஒட்டி 100 யார்டு ஓடினார். கடைசியில் லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் துரத்திப் பிடித்து இழுத்தார், விழுந்தது கோல் கோட்டுக்கு அப்பால் உள்ள எண்டு சோனுக்குள். எழுந்திருக்கவே முடியாமல் அங்கேயே கிடந்தார். நடுவர்கள் மறுபரிசீலனை செய்துதான் உறுதிப்படுத்தினார்கள்.

என் வரி இப்படி: அரிசோனா இழந்தது 6, ஸ்டீலர்ஸ் எடுத்தது 7, மொத்தம் 13. ‘ஆறு என்பது அதிகம், உள்ளே போகாமலும் இருந்திருக்கலாம்’ என்பீர்கள். சரி, குறைந்தபட்சம் ஃபீல்டு கோல் (கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பது) அடித்து 3 எடுத்திருப்பார்கள், அப்போதும் 10. இடைவேளை ஸ்கோர் 17-7. ஆட்டம் முடிந்தபோது 27-23, வித்தியாசம் 4. இடைவேளையில் இரண்டு அணிக்கும் டர்ன்ஓவர் ஆளுக்கு ஒன்று, சமம் என்றுதான் எண்ணிக்கை சொல்லும்.

நான் செய்த தப்பு

முதல் சீசனில் என் கூட்டுத்தொகை எப்போதும் ஸ்கோரைவிட எக்கச்சக்கமாக வந்தது. ஒரு டர்ன்ஓவருக்கு 4 எழுதுவேன். எதிரணி அதிலிருந்து டச்டவுன் போட்டதும் 7 எழுதுவேன். மொத்தம் 11 என்று கூட்டுவேன். மாதம் பூராவும் அடுத்தவர் சம்பளக் கணக்கில் இரட்டைப் பதிவைப் பிடிக்கிற எனக்கு, என் நோட்டில் ஒரே தொகையை இரண்டு தடவை எழுதுவது ஆறு வாரம் உறைக்கவில்லை. நாலு என்பது வரவேண்டியது, ஏழு என்பது வந்தது. இரண்டையும் கூட்டக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழிக்க வேண்டும். டான்ஸ்பியின் இன்டர்செப்ஷனில் அரிசோனாவுக்கு வரவேண்டியது 3.3, வந்தது மைனஸ் 7. அந்த வித்தியாசம் டான்ஸ்பியுடைய குற்றம் இல்லை, அதற்குப் பிறகு ஆடியவர்களுடையது.

‘டர்ன்ஓவரிலிருந்து எடுத்த புள்ளிகள்’ என்று டிவி காட்டுவது வந்த கணக்கு மட்டும். தடுத்த கணக்கு அதில் இல்லை. ஹாரிசன் வெறுமனே பந்தைப் பிடித்துக் கீழே விழுந்திருந்தால் டிவி கணக்கில் சுழியம், என் கணக்கில் நாலு. அதற்காக டிவி கணக்கைத் தூக்கிப் போட வேண்டாம்; ஐந்தாவது பத்தியை அதை வைத்துத்தான் நான் சரிபார்க்கிறேன்.

இன்னொரு இடத்தில் ஏமாறுவோம். மூன்று டச்டவுன் பின்தங்கிவிட்ட அணி கடைசிக் காலாண்டில் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக வீசும். இரண்டு இன்டர்செப்ஷன் விழும். மறுநாள் ‘டர்ன்ஓவரால் தோற்றார்கள்’ என்பார்கள். உண்மையில் தோற்றுக்கொண்டிருந்ததால்தான் டர்ன்ஓவர். நேரத்தையும் ஸ்கோரையும் முதல் பத்தியில் எழுதச் சொன்னது இதற்குத்தான். 17 புள்ளிக்கு மேல் பின்தங்கிய பிறகு விழுந்த வரிகளைக் கூட்டுத்தொகையில் சேர்க்காதீர்கள்.

பந்தைத் தொலைக்காமலே இருந்தால் போதுமா என்றால், போதாது. 2018-இல் கிரீன் பே பேக்கர்ஸின் ஆரன் ராட்ஜர்ஸ் 597 பாஸ் வீசி இரண்டே இரண்டு இன்டர்செப்ஷன் கொடுத்தார். அணி ஆறு வெற்றி, ஒன்பது தோல்வி, ஒரு டை. மறுமுனையில் 2019-இல் டாம்பா பேயின் ஜேமிஸ் வின்ஸ்டன்: 33 டச்டவுன் பாஸ், 30 இன்டர்செப்ஷன், அதில் ஏழை எதிரணி நேரே டச்டவுனுக்கே ஓடிக்கொண்டு போனது. கொடுப்பதிலும் வாரி வழங்கினார், மனிதர்! அணி 7-9. அடுத்த ஆண்டு டாம் பிரேடி வந்து 12 மட்டும் கொடுத்தார், சூப்பர் பவுலையே வென்றார்கள்.

பழகிப் பார்க்க ஓர் ஆட்டம் வேண்டுமென்றால், 2012 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் மழையில் நடந்த 49ஆர்ஸ் – நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆட்டத்தை எடுங்கள். மொத்தமே இரண்டு வரிதான் எழுத வேண்டியிருக்கும், இரண்டும் பண்ட் வாங்கும்போது. வழக்கமாக வாங்குகிற டெட் கின்னுக்குக் காயம், பதிலுக்கு கைல் வில்லியம்ஸ். நான்காவது காலாண்டில் 49ஆர்ஸ் 14-10 முன்னணியில் இருக்கும்போது, துள்ளி வந்த பந்து அவர் முழங்காலை உரசிவிட்டது. உரசியது தெரிய மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். உரசிய பந்தை ஜயன்ட்ஸ் எடுத்துக்கொண்டது; அவர்களுக்கு 49ஆர்ஸின் 29-இல் பந்து. போட்டுப் பாருங்கள்: 49ஆர்ஸ் அங்கே ஆடத் தொடங்கியிருந்தால் 0.3, ஜயன்ட்ஸுக்கு 3.7, கூட்டினால் 4. வந்தது டச்டவுன், 7.

ஸ்கோர் 17-17 ஆகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. அங்கே இன்னொரு பண்டைப் பிடித்து ஓடும்போது வில்லியம்ஸ் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார்கள். ஜயன்ட்ஸுக்கு 24-இல். லாரன்ஸ் டைன்ஸ் 31 யார்டு ஃபீல்டு கோல், 20-17, கதை முடிந்தது. கூடுதல் நேரத்தில் என் நாலு செல்லாது. அடுத்து யார் அடித்தாலும் முடிவு என்ற நிலையில் 3-உம் 7-உம் ஒன்றுதான். அந்த வரிக்கு நேரே நான் எண் எழுதவில்லை, ஒரு வட்டம் மட்டும் போட்டிருக்கிறேன். அந்த சீசனின் 16 லீக் ஆட்டங்களிலும் சேர்த்து 49ஆர்ஸ் தொலைத்தது பத்தே தடவை.

அப்புறம், பென்சிலில் எழுதுங்கள். இப்போதெல்லாம் எந்த டர்ன்ஓவரானாலும் நடுவர்கள் தாங்களாகவே மறுபடி பார்க்கிறார்கள், முழங்கால் முதலிலேயே தரையில் பட்டுவிட்டது என்று சிலவற்றை ரத்து செய்துவிடுகிறார்கள். என் முதல் நோட்டு பேனாவில் எழுதியது, பக்கத்துக்கு இரண்டு மூன்று அடித்தல் இருக்கும். பெரியவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த அடித்த வரிகளில் ஒவ்வொன்றுக்கும் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார், யாரைத் திட்டினார் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.